ஆடுதீண்டாப்பாளையும் அரைக் காகிதமும்

"ஞாயித்துக்கெழம டைல்ஸ் போட ஆள் வருது," என்றாள் ராதாமணி, தோசையைத் திருப்பியபடி. "கொல்லைல இருக்க அம்புட்டுப் புதரையும் வெட்டிருவாங்க."

நைட் டூட்டி முடிந்து வந்து நாலாவது தோசையில் இருந்த துளசிராமுக்கு விக்கல் எடுத்தது.

திருநகரில் அந்த வீட்டுக்குப் பின்னால் முக்கால் சென்ட் புதர். எருக்கு, நாயுருவி, பார்த்தீனியம். பார்க்கிறவர்களுக்குக் குப்பை. துளசிராமுக்கு அரண்மனை. எருக்கஞ்செடிக்குப் பின்னால் கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்துதான் பதினோரு வருஷமாகத் தினமும் காலையில் ஒரு சிகரெட். ராதாமணிக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று அவன் யோசித்ததில்லை. அதை யோசிக்கவே இரண்டு சிகரெட் வேண்டும்.

"எதுக்கு டைல்ஸ்? நல்லாத்தானே இருக்கு."

"நேத்து கீரி வந்துச்சு."

"கீரி இருந்தா பாம்பு வராது."

"பாம்பு இல்லாம கீரி எதுக்கு வருது?"

அந்த வீட்டில் பேச்சு சௌராஷ்டிரத்தில்தான். சண்டை மட்டும் தமிழில். பக்கத்து வீட்டு முத்துமீனா நியாயம் சொல்ல வசதியாக இருக்க வேண்டுமே. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அவளும் சொன்னாள்: "ராதாக்கா சொல்றதுதாண்ணே சரி."

துளசிராம் பத்தாவதோடு நின்றவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பொட்டலக் காகிதம். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் ராத்திரி முழுக்கச் சாவி கொடுக்கிற வேலை. ராதாமணி வடை சுற்றித் தரும் காகிதத்தை எண்ணெய்க் கறையோடு ஒரு எழுத்து விடாமல் படித்துவிடுவான். உலகம் முழுக்கத் தெரியும், எல்லாம் பாதிப் பாதி. எரிமலை வெடித்தது தெரியும். யார் தப்பித்தார்கள் என்று தெரியாது. அதனால் முகத்தில் எப்போதும் ஒரு மெல்லிய சோகம். மனைவி சொன்னால் கேட்க மாட்டான். காகிதம் சொன்னால் தலைகீழாக நிற்பான். ஒரு மார்கழி முழுக்க நின்றும் இருக்கிறான்.

மறுநாள் காலை முகமெல்லாம் வெளிச்சமாக வந்தான். கையில் வடைக் காகிதம். ஏதோ கல்லூரி இயற்கை மன்றம் அச்சடித்த துண்டறிக்கையில் மேல்பாதி.

"ராதா, கொல்லையத் தொடக்கூடாது."

"யாரு சொன்னா?"

"ஆராய்ச்சி. கறுப்பு ரெக்கை, செவப்பு உடம்பு, அப்படி ஒரு பட்டாம்பூச்சி. நம்ம பக்கம் அழிஞ்சுக்கிட்டு வருது. அதோட புழு ஆடுதீண்டாப்பாளைச் செடியத்தான் திங்கும். அது முளைக்கிற எடத்தையெல்லாம் சனங்க சிமெண்டு போட்டு மூடிட்டாங்களாம்."

"ஆடே தொடாதத அது திங்குதா?"

"அதான் இயற்கை."

"சரி, நம்ம கொல்லைல அந்தச் செடி எங்க?"

துளசிராம் இதை எதிர்பார்க்கவில்லை. "வைப்பேன்."

"நீங்களா? கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி ஆறு மாசம். அது செத்தே போச்சு."

"வைக்கிறேன்னா வைப்பேன்."

"பார்த்தீனியத்த யாரு பிடுங்குறது?"

"நான்தான்."

"கார்த்திகை வரைக்கும் பாப்பேன். பூச்சி வரலேன்னா டைல்ஸு."

மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையிலிருந்து எட்டுச் செடியை வேர்மண்ணோடு எடுத்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். பக்கத்து சீட்டுக்காரர் இலையைக் கண்டுகொண்டார்.

"என்ன மாப்ள, குடல்புழுவுக்கா? நல்ல மருந்து."

"இல்லண்ணே. புழு வளக்க."

அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் பார்த்தீனியம் பிடுங்கியதில் உடம்பெல்லாம் அரிப்பு. தூங்க வேண்டிய பகலில் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு எறும்பு ஊர்ந்தாலும் ராதாமணியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அது வந்தது. கறுப்பு இறக்கையில் வெள்ளைப் பட்டை, ஓரமெல்லாம் குங்குமப் பொட்டு. செடி செடியாக உட்கார்ந்து பார்த்தது. ஒரு இலைக்கு அடியில் வயிற்றை வளைத்துச் சிவந்த மணி போல ஒரு முட்டை வைத்தது. படித்த ஒன்றின் அடுத்த பாதி முதன்முறையாகத் துளசிராமின் கண்முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

அடுத்தடுத்த நாளும் வந்து முட்டை வைத்துப் போனதில், இரண்டு வாரத்தில் இலையெல்லாம் புழு. ஆக, டைல்ஸ் ஒழிந்தது. அரண்மனை தப்பியது. வாளியில் கால் நீட்டி உட்கார்ந்து, வெற்றிக்கென்று ஒரு சிகரெட்டை வாயில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தான்.

"ஏங்க."

சமையலறை ஜன்னலில் ராதாமணி. கையில் ஒரு காகிதம்.

"உங்க ஆராய்ச்சியோட கீழ்ப்பாதி. படிக்கிறேன், கேளுங்க. ஐந்து: பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்கவும். ஆறு: புழுக்கள் உள்ள இடத்தில் பூச்சிமருந்தும் புகையும் கூடாது. சிகரெட் உட்பட."

"சிகரெட்டுனு அச்சுலயே இருக்கா?"

"அது நான் பேனால எழுதுனது."

"எப்ப இருந்து தெரியும்?"

"காகிதமா, சிகரெட்டா? காகிதம் ரெண்டு மாசமா. சிகரெட்டு பதினோரு வருஷமா."

"அப்ப அந்த டைல்ஸ்காரன்?"

"அப்படி ஒருத்தன் இருந்தாத்தானே." இதை அவள் சௌராஷ்டிரத்தில் சொன்னாள், மதிலுக்கு அந்தப் பக்கம் புரியாதபடி. "நீங்க தூக்கத்துல இருமுறது அடுப்படி வரைக்கும் கேக்குது. நான் சொன்னா நிறுத்துற ஆளா நீங்க?"

துளசிராம் தீக்குச்சியைப் பார்த்தான். புழுவைப் பார்த்தான். அது இலையை விட்டுத் தலை தூக்கவில்லை. குச்சியை ஊதி அணைத்தான். கோபம் வருமென்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். வரவில்லை. புழு பார்ப்பதற்கும் வாளி வசதியாகத்தான் இருந்தது.

அன்றைய வடையைச் சுற்றியிருந்த காகிதத்தில், வீட்டில் ஒட்டடை அடிப்பதால் ஆண்களின் உடம்புக்குக் கிடைக்கும் பத்து நன்மைகள். ஐந்தோடு கிழிந்திருந்தது.

மறுநாள் காலை செருப்பைக் கழற்றும்போதே துளசிராம் கேட்டான்: "ராதா, ஒட்டடைக் கம்பு எங்க இருக்கு?"