டேலில்லிக்குக் காவல்

"இன்னைக்கும் போச்சு!"

விமான் நகர் தரைத்தள வீட்டின் தோட்டத்தில் லுங்கியோடு நின்று கத்தினான் சந்திரமௌலி. ராத்திரி கொழுகொழுவென்று இருந்த மொட்டு காலையில் வெறும் காம்பு. டேலில்லிப் பூவுக்கு ஆயுசே ஒரு நாள். அமெரிக்க ஷிப்ட் முடித்து ஒன்பது மணிக்கு எழுகிறவன் அது விரிந்து இதுவரை பார்த்ததில்லை. விரிந்த பூவைப் படமெடுத்துக் கோயம்புத்தூர் நண்பன் விச்சுவுக்கு அனுப்பியே ஆகவேண்டும். "உன் கைக்கு லில்லியா? புல்லுதான் முளைக்கும்" என்று சிரித்தவன் அவன்.

"எல்லாம் இந்த வாக்கிங் கும்பல்! அடுத்தவன் வீட்டுப் பூவைப் பறிச்சு அவங்க சாமிக்கு வெச்சா புண்ணியமாம்!"

"அது வந்துங்க..." என்றாள் மனைவி கிரிஜா.

"நீ சும்மா இரு. உனக்கு எல்லாரும் நல்லவங்க!"

'பூப் பறிக்காதீர்கள்' என்று இந்தியில் பலகை வைத்தான். அதுவரை நேராகப் பார்த்து நடந்தவர்கள்கூட நின்றார்கள்.

"அட, இங்கே பூ இருக்கா?"

சாமி பூ என்றால் எவன் தொடுவான்? செடிக்கு நடுவில் ஒரு மண் பிள்ளையாரை வைத்தான்.

மறுநாள் பிள்ளையாருக்குக் குங்குமம், அறுகம்புல், தலைமேல் இவனுடைய டேலில்லி! எதிர்வீட்டு ராஜஸ்ரீ மணியடித்து ஆரத்தி காட்டிக்கொண்டிருந்தாள்.

"அது என் பூ!"

"கண்பதி வாசல்ல பூத்தது கண்பதிக்குத்தானே, பாய் சாப்? நீங்கதான் ஒன்பது மணி வரைக்கும் தூங்கறீங்க. கும்பிட நாங்களாவது வேண்டாமா?"

அநியாயம்! பிள்ளையாரைத் தூக்கப் போனான்.

"ஐயோ! மேளதாளத்தோட கரைக்காம எடுக்கக் கூடாது!" என்று நாலு பேர் கையைப் பிடித்தார்கள். அவர்கள் செருப்பு கிடந்ததும் பாத்தியில்தான்.

அடுத்த நாள் அலாரம் வைத்து விடிவதற்குள் எழுந்து ஓடினான். அதற்குள் கும்பலே கூடி, பறித்து, கும்பிட்டுக் கொண்டிருந்தது. விச்சுவுக்கு என்ன அனுப்ப, காம்பையா?

"இந்தத் தோட்டத்துல முதமுதல்ல கைவெச்ச திருடன் மட்டும் கிடைக்கட்டும், தொலைச்சுடறேன்!" என்று பல்லைக் கடித்தான்.

குளித்துவிட்டுத் தட்டோடு வந்த கிரிஜா செடிகளைப் பார்த்தாள். அவளுக்கும் கோபம் பொங்கியது.

"ஒரு பூ மிச்சம் இல்லியே! நீங்க இந்தப் பிள்ளையாரைக் கொண்டாந்து வெக்கிற வரைக்கும், நம்ம பூஜைக்கு நான் ஒருத்திதானே தினம் நிம்மதியாப் பறிச்சிட்டிருந்தேன்!"