சிவப்பு ஹீல்ஸுக்குத் துணை

“பொண்ணு நல்ல பொண்ணுதான், செருப்புதான் சரியில்லன்னு எங்க வூட்டுக்காரரு சொல்றாரும்மா.”

“என் செருப்புல என்ன சரியில்ல ஆன்ட்டி?”

“செவப்பா கீது. உயரமா கீது. நடந்தா டொக்கு டொக்குனு சத்தம் வருது. தெருவுல நாலு பேரு பார்க்கிறாங்க இல்ல?”

“பார்க்கிற கண்ணைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலையா?”

“அதெல்லாம் நம்ம கையிலயா கீது? செருப்புதான் நம்ம கால்ல கீது.”

வீட்டுக்காரம்மா கௌரியம்மாளோடு காலையில் நடந்த இந்தப் பேச்சை வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து நினைக்க நினைக்க, மோனிஷாவுக்குக் காது மடல் சுட்டது. நீட்டப்பட்ட செலானில் மேஜை அதிர முத்திரையைக் குத்தினாள். எதிரே நின்ற பெரியவர், “நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்?” என்று ஓரடி பின்வாங்கினார்.

செய்யாறிலிருந்து திருத்தணிக் கிளைக்கு மாற்றலாகி வந்தவள் மோனிஷா. கௌரியம்மாள் வீட்டு மாடியில் தனியாகக் குடியிருந்தாள். மாடிக்குச் செருப்போடு ஏறக் கூடாது, கீழ்ப்படியிலேயே விட வேண்டும் என்பது வீட்டுக்காரர் போட்ட சட்டம். அந்த வீட்டில் எல்லாச் சட்டமும் அவர் போட்டதுதான். நகரியில் ஏதோ கம்பெனியில் ராத்திரி டூட்டியாம். இவள் வேலைக்குக் கிளம்பும்போது தூங்குவார், திரும்பும்போது கிளம்பிப் போயிருப்பார்.

அந்த ஹீல்ஸை அவள் ஏன் வாங்கினாள்? குள்ளமா என்றால் இல்லை, நல்ல உயரம். யாரையாவது மயக்கவா என்றால், பாதி நாள் அவள் கால்களைக் கவுன்ட்டர் மறைத்துக்கொண்டிருந்தது. பிடித்திருந்தது, வாங்கினாள். இந்தப் பதில் தெருவில் யாருக்கும் போதவில்லை.

எதிர்வீட்டுத் தணிகைவேலுக்கு நிச்சயமாகப் போதவில்லை. தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்றவர். பிளாஸ்டிக் நாற்காலியைத் தெருவைப் பார்த்துப் போட்டு, பேப்பரைப் பிடித்துக்கொண்டு, பேப்பருக்கு மேலே படிப்பவர். அந்தச் செருப்பைப் பார்த்தே, இவளுக்குச் சமைக்கத் தெரியாது, பெரியவர்களை மதிக்க மாட்டாள், குடும்பத்துக்கு ஆக மாட்டாள் என்று பால்காரரிடம் சொல்லியிருந்தார். இதில் சமையல் மட்டும்தான் உண்மை.

சரி, கண்ணில் பட்டால்தானே பேசுவார்கள் என்று அன்று மாலை ஹீல்ஸைப் பையில் போட்டு மாடிக்குக் கொண்டுபோய்விட்டாள் மோனிஷா.

மறுநாள் காலையில் தணிகைவேல் பேப்பரை இறக்கினார். “இன்னாம்மா, ராத்திரி வூட்டுக்கு வரலியா?”

“வந்தேனே சார்.”

“செருப்பக் காணோமே?”

“உள்ள வச்சிருந்தேன்.”

“ஆங்” என்று இழுத்தார். அந்த ஒரு ‘ஆங்’ பெருமாளின் மளிகைக் கடை வரை போய், அவள் ராத்திரி எங்கே தங்கினாள் என்ற கேள்வியாகத் திரும்பி வந்தது.

கௌரியம்மாள்தான் வழி சொன்னாள். படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, “ஒரு ஆம்பளச் செருப்பு வாங்கி உன் செருப்பு பக்கத்துல போட்டு வைம்மா. ஆம்பள கீறான்னா அவனவன் வாயை மூடிகினு போவான்” என்றாள்.

“இல்லாத ஆம்பளைக்குச் செருப்பா ஆன்ட்டி?”

“பெரிய சைஸா வாங்கு. சின்னக் காலுன்னா பயம் இருக்காது. வாங்கினதும் வைக்காத, மண்ணுல ரெண்டு தேய்ப்பு தேய்ச்சுட்டு வை.”

மோனிஷாவுக்கு அவமானமாக இருந்தது. படித்து, பரீட்சை எழுதி, மாநிலத்தின் இந்த மூலைக்கு வேலைக்கு வந்தவளுக்கு, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு பாதுகாப்பா? ஆனாலும் மார்க்கெட்டில் பெரியதாக ஒரு ஜோடி வாங்கினாள். தேய்க்க மறந்துபோனாள்.

தணிகைவேல் மறக்கவில்லை. “புதுச் செருப்பு. வயசுப் பையன்தான்” என்று பால்காரரிடம் சொன்னார்.

வங்கியில் பக்கத்துக் கவுன்ட்டர் ப்ளெஸ்ஸி விழுந்து விழுந்து சிரித்தாள். “லூசு. புதுசுன்னா வாலிபன்னுதான் நினைப்பாங்க. எங்கப்பாவோட பழசு ஒண்ணு கீது, வார் தைச்சது. அதை வை. ஊர்ல இருந்து அப்பா வந்திருக்காருன்னு நினைச்சிக்குவாங்க.”

ப்ளெஸ்ஸியின் அப்பா ஜெயபாலின் செருப்பு, ஒரு தலைமுறை நடந்து தீர்த்த செருப்பு. அதைப் படியில் வைத்துவிட்டுப் புதியதை எடுத்து மறைத்தாள்.

“சின்னவன் போயிட்டான். பெரியவரு வந்துட்டாரு” என்றார் தணிகைவேல்.

பதறிப்போய்ப் புதியதையும் பழையதையும் சேர்த்தே வைத்தாள். அப்பாவும் அண்ணனும் என்று நினைக்கட்டுமே. அன்று மாலை மளிகைக் கடையில் அவள் அரிசி கேட்டதும் பெருமாள் ரொம்ப அக்கறையாக விசாரித்தார்: “ரெண்டு ஆம்பளைங்க சாப்பிடுற வூட்டுக்கு இது போதுமாம்மா?”

அரிசிப் பையோடு தெருவில் நின்றவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் உடுத்திக் காவடியோடு வந்தவர்கள் அரோகரா சொல்லிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள். மலையடிவாரத்தில் இப்போது செருப்பு மலையாகக் குவிந்திருக்கும். சிவப்பு, உயரம், குதிகால் தேய்ந்தது, வார் அறுந்தது எல்லாம் கிடக்கும். அதில் ஒன்றைக் கையிலெடுத்து, இவள் எப்படிப்பட்டவள் என்று அங்கே யாராவது ஆராய்கிறார்களா? சாமிக்கே தோன்றாத சந்தேகம் இந்த நாற்காலிக்குத் தோன்றுகிறது.

நேராக அந்த நாற்காலி முன்னால் போய் நின்றாள். “சார், என் காலைப் பத்தி இவ்வளவு கவலைப்படுறீங்களே, உங்க காலுக்கு என்ன?”

தணிகைவேல் குனிந்து தம் காலைப் பார்த்தார். ஒன்றில் நீல வார், ஒன்றில் பச்சை வார். அவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். ஆனால் அதற்குள் ஜன்னல்கள் திறந்துவிட்டன. பெரியவரிடம் தெருவில் நின்று சண்டை போட்டவள் என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது.

வீட்டு வாசலில் கௌரியம்மாள் காத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“எங்க வூட்டுக்காரரு ரொம்பக் கோவமா கீறாரும்மா. மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லிட்டாரு.”

கிருத்திகை நேரத்தில் இந்த ஊரில் ஒண்ட ஒரு மூலை கிடைக்காது. தனியாக இருக்கும் பெண் என்றால் எந்த நேரத்திலும் கிடைக்காது. இந்த மாடிக்கே அவள் எத்தனை வாசல் ஏறி இறங்கினாள்.

“ஆம்பளச் செருப்பு வைக்கச் சொன்னது நீங்கதானே ஆன்ட்டி?”

“நான் சொன்னேன். அவரு சொல்லலியே.”

மோனிஷா அரிசிப் பையைத் தொப்பென்று கீழே வைத்தாள். குடிவந்த நாளிலிருந்து தொண்டை வரை வந்து வந்து விழுங்கிய வார்த்தை அது. பெரிய மனுஷர், கண்டிப்பானவர், வீட்டுக்குச் சொந்தக்காரர் என்று அடக்கியே வைத்திருந்தாள்.

“அவரைக் கூப்பிடுங்க ஆன்ட்டி. எனக்கு அவரைப் பார்க்கணும். என் முகத்தைப் பார்த்து அவர் வாயால சொல்லட்டும், இப்பவே காலி பண்றேன்.”

“தூங்கினுகீறாரு.”

“எழுப்புங்க.”

“டூட்டிக்குப் போயிட்டாரும்மா.”

“இப்பதானே தூங்குறாருன்னீங்க? அவர் செருப்பு இங்க கிடக்குது, வெறுங்காலோடயா டூட்டிக்குப் போனாரு?”

கதவோரம் கிடந்த பெரிய கறுப்புச் செருப்பை அவள் விரல் காட்டியது. கௌரியம்மாள் எதிர்வீட்டை ஒரு முறை பார்த்தாள். பிறகு மோனிஷாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“மெதுவா பேசு கண்ணு. அதையும் நான் கடையிலதான் வாங்கினேன்.”