தலைவர் ஓட்டு

திருச்செல்வத்தைத் தலைவர் நாற்காலியிலிருந்து இறக்கியே தீருவது என்று போன மார்ச் மாதம் ஒரு ஞாயிறு மாலை முடிவு செய்தேன்.

காரணம், மைக். எங்கள் ஊர் தம்போயில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் பொழுதுபோக்கு மன்றம். ஒரு கேரம் போர்டு, ஒரு ஸ்னூக்கர் மேசை, ஒரு கராவோக்கே பெட்டி, முப்பது ஆண்கள். பன்னிரண்டு வருடமாகத் திருச்செல்வம்தான் தலைவர். பன்னிரண்டு வருடமாக மைக்கும் அவர் கையில்தான். அவர் பாடினால் கீழே கடையில் புது டயருக்கே காற்று இறங்கும்.

வாரத்தில் ஆறு நாள் மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன் நான். எனக்கென்று இருப்பது அந்த ஒரே ஞாயிறு. அதையும் அவர் தொண்டைக்குக் கொடுப்பதா?

கணக்குப் போட்டேன். என்னையும் சேர்த்து என் பக்கம் ஒன்பது பேர். அவர் பக்கம் இருபத்தொன்று. சோர்ந்துபோய் மன்றத்தின் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். ஏழாம் பக்கத்தில் புதையல்! 'உறுப்பினரின் மனைவியும் உறுப்பினராகலாம். ஓட்டுரிமை உண்டு.' இதை யாரும் படித்ததில்லை. படித்தவன் வீட்டில் சொன்னதில்லை.

என் மனைவி பேட்ரிசியா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பேட், இதுல ஒரு கையெழுத்துப் போடேன்."

"என்னங்க இது?"

"சும்மா ஒரு ஃபாரம் லா."

"சும்மா ஃபாரத்துல ஏன் பாதிய கையால மறைக்கிறீங்க?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

"பொம்பளைங்க சேரலாமா? ஆம்பளைங்க மட்டும்தான்னு இத்தன வருஷமா சொன்னீங்க?"

"இன்னிக்குத்தான் படிச்சேன். சத்தியமா!"

அவள் மீனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத மாதிரி ஒரு பார்வை.

"சரி, ஓட்டு நான் பாத்துக்கிறேன். நீங்க போயி பேச்சு எழுதுங்க."

பதிலுக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சேலைகூட! அங்கேதான் நான் உஷாராகியிருக்க வேண்டும். நான் பேச்சு எழுதப் போய்விட்டேன்.

பேட்ரிசியா தேவாலயப் பாடகர் குழுவைப் பிடித்தாள். பக்கத்து வீட்டு யோகேஸ்வரி கோயில் பக்கத்தைப் பிடித்தார். இரண்டே வாரம். பேட்ரிசியாவோடு சேர்த்து இருபத்தொன்பது மனைவிமார். மற்றவர்களுக்கு மனைவி வாக்குக் கொடுத்தால் ஒரு வாக்கு. எனக்கு இருபத்தொன்பது!

ஆண்டுக் கூட்டத்தன்று பெண்கள் வரிசையாக மாடியேறியதும் திருச்செல்வத்துக்கு ஒரே சந்தோஷம், தன் பாட்டைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று. ஓட்டு எண்ணியபிறகுதான் பாட்டு நின்றது. முப்பத்தெட்டுக்கு இருபத்தொன்று!

நண்பன் மனோகரன் எனக்கு மாலை போட்டான். திருச்செல்வம் மைக்கை நீட்டினார். ஆகா! அந்தக் கனம்! அந்தக் குளிர்ச்சி! பேச்சை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கைதட்டல் போதவில்லை.

"வேற விஷயம் இருக்கா?" என்றார் செயலாளர் சுகுமாறன்.

யோகேஸ்வரி எழுந்தார். "ஒரு தீர்மானம். ஞாயித்துக்கிழம மன்றம் பொம்பளைங்களுக்கு மட்டும். அன்னிக்கு வீட்டையும் பிள்ளைங்களையும் ஆம்பளைங்க பாத்துக்கணும்."

"அலமாக்! ஐயோ!" என்று அலறின இருபத்தொன்பது ஆண்குரல்கள்.

தலைவர் என்பதால் நான் கை தூக்கவில்லை. சுகுமாறன் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஆதரவு இருபத்தொன்பது. எதிர்ப்பும் இருபத்தொன்பது. சட்டப்படி இனி தலைவர் ஓட்டுதான்."

மாடியே என்னைப் பார்த்தது. "அண்ணே, நம்ம ஞாயிறு அண்ணே!" என்று மனோகரன் கெஞ்சினான். எனக்கும் அது ஒன்றுதான் இருக்கிறது. பேட்ரிசியா முறைத்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சிரித்தாள். இருபத்து நான்கு வருட அனுபவத்தில் சொல்கிறேன், அந்தச் சிரிப்புக்குப் பிறகு மூன்று நாள் ரசத்தில் உப்பு இருக்காது.

யாருக்கும் அஞ்சாமல், சுயமாகச் சிந்தித்து, அவள் பக்கம் கையைத் தூக்கினேன்.

பாதி மாடி ஆரவாரித்தது. மீதிப் பாதியிலிருந்து மனோகரன் வந்து மாலையைத் திருப்பிக் கேட்டான்.

காரில் கேட்டேன். "ஏன் பேட், இன்னும் ஒரே ஒரு ஓட்டு இருந்திருந்தா நீங்களே ஜெயிச்சிருப்பீங்களே?"

"திருச்செல்வம் அண்ணன் சம்சாரமும் சேர்றேன்னுதான் வந்தாங்க. நான்தான் அடுத்த வருஷம் பாக்கலாம்னு அனுப்பிட்டேன்."

"ஏன்?"

"நாங்களே ஜெயிச்சா ஒவ்வொரு வீட்டுலயும் பொண்டாட்டிய திட்டுவாங்க. இப்ப எல்லாரும் உங்கள மட்டும்தானே திட்டுவாங்க, தலைவரே!"