பெரிய பிடிலுக்கு ஏற்ற பிசின்

“அது பேசுதா, இல்ல நீதான் அதாண்ட பேசிகினு கீறியா?”

தேவசகாயம் மாஸ்டர் இப்படிக் கேட்டதும் பாட்டுக் குழு முழுதும் திரும்பிப் பார்த்தது. கோயில் மாடியில், எல்லாருக்கும் பின்னால், பெரிய பிடிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற சிலுவையம்மாள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். தாளம் தப்பக் கூடாதே என்று ஒன்று, இரண்டு, மூன்று என வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் அவள் வில்லை இழுப்பது வழக்கம். இன்றைக்கு எண்ணிக்கை வெளியே கேட்டது. பிடில் கேட்கவில்லை.

“வாசிச்சிகினுதான் கீறேன் மாஸ்டர்.”

“யாருக்கு?”

முன்வரிசையில் பாடும் முத்தம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். யாருக்கு என்று சிலுவையம்மாளுக்கே தெரியாது.

அது ஆளுயரப் பிடில். டபுள் பேஸ் என்று பெயர். ரயில்வே துரைமார்கள் ராயபுரத்தில் இருந்தவரை அவர்களுடைய கிளப்பில் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் கப்பலேறிப் போன பிறகு ஏலத்துக்கு வந்தது. கால் உடைந்த நாற்காலிகளோடு சேர்த்துப் பங்குச் சாமியார் அதை வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் அதை வாசிக்க ஆள் வேண்டுமே என்ற யோசனை வந்தது. நின்றபடி வாசிக்கிற வேலை என்றதும் ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் முட்டி வலி வந்துவிட்டது. மாஸ்டர் பூசைக்கு வந்த கூட்டத்தை மாடியிலிருந்து பார்த்தார். எல்லாத் தலைகளுக்கும் மேலே ஒரு தலை தெரிந்தது. அதைக் கூப்பிட்டார்.

அதுவரை சிலுவையம்மாளின் உயரம் வாசல்நிலையில் தலையை இடித்துக்கொள்ள மட்டுமே பயன்பட்டு வந்தது. துறைமுகக் கிடங்கில் சாக்கு தைக்கிறவளுக்கு உயரம் எதற்கு? அங்கே குனிந்தே உட்கார வேண்டும். அப்பா அம்மா இல்லை. மாடியில், வெள்ளிக்கிழமை ஒத்திகையிலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் அவளோடு யாரும் அதிகம் பேசியதில்லைதான். ஆனால் அவள் வராவிட்டால் அங்கே ஓர் இடம் காலியாகத் தெரியும். ஊரில் வேறெங்கும் அவளுக்கு அப்படி ஓர் இடம் இல்லை.

முதலில் பிடில் நன்றாகத்தான் முழங்கியது. வளர்த்த சித்தி குடும்பத்தோடு எர்ணாவூருக்குக் குடிபோய்விட, சிலுவையம்மாள் கிடங்குக்குப் பக்கத்தில் தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நாளில் சத்தம் தேய ஆரம்பித்தது. பேச ஆளில்லாமல் தனக்கு வந்த சீக்குதான் அதற்கும் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“இதோ பாரு,” என்றார் மாஸ்டர். “திருநாளு வர்து. அதுக்குள்ள இது வாயத் தொறக்கல, ஆசாரியக் கூப்ட்டு பீரோவா அடிச்சிடுவேன். இந்த எடத்துல ரெண்டு பெஞ்சி போட்டா நாலு பேரு குந்துவாங்க.”

ஒத்திகை முடிந்து இறங்கும்போது பிடில்காரர் எத்திராஜ் அவளுக்காகப் படியில் நின்றார். நாடகக் கம்பெனியில் வாசிக்கிறவர். திருநாளுக்காகக் கோயில் குழுவில் சேர்ந்திருந்தார்.

“ராசின் போடறியாம்மே?”

“பழைய கட்டி ஒண்ணு இருந்துச்சி. உதுந்து பூட்சி.”

“பின்ன எப்படிக் கேக்கும்? வில்லுல கீறது குதிர வாலு முடி. வழுவழுன்னு கீது. பிசின் தூளு ஒட்டினாத்தான் தந்தியக் கவ்வும். கவ்வினாத்தான் சத்தம்.” தன் சட்டைப் பையிலிருந்து தேன் நிறத்தில் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். “இத்த தேச்சிக்க. ஆனா முடில மட்டும் கைய வெச்சிடாத. கைப் பிசுக்கு பட்டா அப்புறம் ராசின் ஒட்டாது.”

சிலுவையம்மாள் தலையை ஆட்டினாள். தன்னிடம் யாராவது நின்று பேசினால் அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்வது அவள் சுபாவம். அன்றிலிருந்து வில்லைக் கட்டையில் மட்டுமே பிடித்தாள். முடியின் பக்கம் மூச்சுக்கூட விடவில்லை.

மாடியில் எலித் தொல்லை என்பதால் வில்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிவைப்பாள். அறைக்குப் பூட்டு கிடையாது. வீடு கோவிந்தம்மாவுடையது. கருவாடு விற்கிற அந்த அம்மாள் கோழிகளோடு பேசுவாள், கூடையோடு பேசுவாள், மனிதர்களோடு பேசிச் சிலுவையம்மாள் கேட்டதில்லை.

“வெயிலு தாங்கல இல்லக்கா?” என்று ஒருநாள் துணிந்து கேட்டாள்.

“போ சனியனே!” என்றாள் கோவிந்தம்மா.

காலடியில் ஒரு கோழியும் நின்றிருந்தது. யாரைச் சொன்னாள் என்று தெரியாமல் கோழியும் சிலுவையம்மாளும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள்.

எத்திராஜ் கொடுத்த துண்டை நன்றாகத் தேய்த்துக்கொண்டு அடுத்த ஒத்திகைக்குப் போனாள். இழுத்ததும் எலி கதவிடுக்கில் மாட்டியதுபோல ‘கீச்’ என்றது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

“முன்ன ஊமை. இப்ப எலி,” என்றார் மாஸ்டர். “அடுத்த வாரம் இன்னா, பூனையா?”

போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் துண்டு தேய்ந்து தீரும்வரை மேலும் கீழுமாகத் தேய்த்தாள். வில் மாவில் புரட்டியது மாதிரி வெளுத்தது. காணிக்கைப் பாட்டில் ஓர் இழுப்பு இழுத்ததும் தூள் அப்படியே புகையாய்க் கிளம்பி முன்வரிசையின் மேல் இறங்கியது. சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்க, ஜனமெல்லாம் தலைகுனிந்து மூச்சடக்கி நின்ற நேரத்தில் முத்தம்மா தும்மினாள். அவளைத் தொடர்ந்து வரிசையே தும்மியது. கீழே மண்டியிட்டிருந்தவர்கள் மாடியை நிமிர்ந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

“நாம பாட வந்தமா, மொளகாப் பொடி இடிக்க வந்தமா?” என்று முத்தம்மா படியிறங்கும்போது கேட்டாள். யாரும் சிலுவையம்மாளோடு சேர்ந்து இறங்கவில்லை.

மறுநாள் கிடங்கில் பாதி நாள் விடுப்புக் கேட்டு, வில்லையும் எடுத்துக்கொண்டு டிராம் ஏறிச் சைனா பஜாருக்குப் போனாள். வாத்தியக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

“சின்னப் பிடிலு ராசின இதுக்குப் போட்டியா? கட்டுமரத்துக்குக் காயிதத்துல பாய் கட்டின கதைதான். இதுக்கு வேற சரக்கும்மா. கறுப்பா, மெதுவா இருக்கும். தேச்சா ஒரே பக்கமா ரெண்டு இழுப்பு. முன்னயும் பின்னயும் அறுக்காத.” கறுத்த ஒரு கட்டியைக் காகிதத்தில் சுற்றினார். பிறகு வில்லைத் தொடாமலே எட்டிப் பார்த்து, “முடி இன்னா பளபளப்பு! நல்லா வெச்சிகினு கீற,” என்றார்.

அவளை யாராவது மெச்சிப் பல காலம் ஆகிவிட்டது. டிராமில் வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வில்லு கீது. அம்பு எங்கம்மே?” என்றார் கண்டக்டர். வண்டியே சிரித்தது. தானும் சிரிக்கலாமா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

கத்திரி வெயில் முடிந்தும் வெயில் முடியாத காலம் அது. குளிர் தேசத்துச் சரக்கு, இடுப்பில் செருகிய இடத்திலேயே இளகிக் காகிதத்தைத் தாண்டி, புடவையைத் தாண்டி, டிராம் பலகைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ராயபுரத்தில் அவள் எழுந்தாள். புடவை எழவில்லை. கண்டக்டரும் வேறு இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு பலகையிலிருந்து புடவையைப் பிய்த்துக் கொடுத்தார்கள். ராசின் பலகையிலேயே தங்கிவிட்டது. அவளுக்குப் பிறகு அங்கே உட்கார்ந்தவர் தண்டையார்பேட்டையில் இறங்க வேண்டியவர் என்றும், டிராம் கொட்டகை வரை போனார் என்றும் பேச்சு.

திருநாளுக்கு முந்தின நாள், காசிமேட்டுக் கரையில் படகு பழுது பார்க்கும் அப்துல் வஹாபிடம் போய் நின்றாள். பலகை இடுக்குகளில் தண்ணீர் புகாமல் குங்கிலியம் காய்ச்சி அடைக்கிறவர்.

“இன்னா வோணும்?”

“கவ்வறதுக்கு ஒண்ணு வோணும் பாய்.”

“எத்த எதோட?”

“முடிய தந்தியோட.”

வஹாப் பாய் சிரிக்கவில்லை. தாடியைத் தடவி யோசித்தார். அடுப்பில் கொதித்த குங்கிலியத்தில் கொஞ்சத்தைக் கொட்டாங்கச்சியில் ஊற்றி, ஈர மணலில் புதைத்து ஆறவைத்தார்.

“இத்த அடிச்சா கடலே உள்ள வராது. ஆமா, ஒரு வாத்தியத்துக்கா இம்மாம் பேஜாரு? அது இல்லன்னா இன்னா?”

“பெஞ்சி போட்டுடுவாங்க பாய்,” என்றாள் சிலுவையம்மாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் இன்னொரு கொட்டாங்கச்சி நிறைய ஊற்றிக் கொடுத்தார்.

திருநாள் பூசை. கோயிலுக்குள் இடமில்லாமல் வாசலெல்லாம் ஜனம். துறைமுகத்து ஆட்கள் முறைவேலைக்குப் போகிற வழியில் வந்து பின்பக்கம் நின்றிருந்தார்கள். மாஸ்டர் கையை உயர்த்தினார். சிலுவையம்மாள் ஒன்று, இரண்டு என்று எண்ணி வில்லை வைத்தாள்.

வில் தந்தியைக் கவ்வியது. கவ்வியது விடவில்லை. இழுத்தாள். வில்லோடு பிடிலும் வந்தது. பிடிலைக் காலால் அணைத்துக்கொண்டு உடம்பிலிருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். அப்போது அந்த வாத்தியம் தன் வயிற்றின் அடியிலிருந்து, நீளமாக, கரகரவென்று, ‘ப்பூ...ம்ம்’ என்று ஒரு குரல் எடுத்தது. ராயபுரத்தில் பிறந்த எவனுக்கும் அந்தக் குரல் தெரியும். துறைமுகத்தில் முறை மாறும்போது ஊதுகிற சங்கு.

“டேய், சங்கு ஊதிட்டான்டா!”

பின்பக்கம் நின்ற ஆட்கள் அப்படியே வாசலைப் பார்த்து ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து, புருஷனுக்குச் சோறு கட்டாமல் வந்த பெண்கள் ஓடினார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று கேட்கப் போனவர்களும் திரும்பவில்லை. சாமியார் திரும்பி ஆசீர் கொடுத்தபோது அதை வாங்கிக்கொள்ள முன்வரிசையில் கிழவர்களும், மாடியில் பாட்டுக் குழுவும்தான் மிஞ்சியிருந்தார்கள்.

மாஸ்டர் அந்த மூலையில் போய் நின்று, பெஞ்சுக்குக் காலடியால் அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றே வில்லை எடுத்துப்போய், மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் குங்கிலியத்தைத் துடைத்தெடுத்து, சாராயத்தில் முடியைக் கழுவிக் கொடுத்தார் எத்திராஜ். “கழுவியாச்சி. இனிமே நீயாச்சு, உன் வில்லாச்சு,” என்று சொல்லிவிட்டு நாடகக் கம்பெனியோடு வெளியூர் கிளம்பிவிட்டார். சிலுவையம்மாள் அதைச் சுவரில் மாட்டினாள். எடுக்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை கப்பல் வரவில்லை. கிடங்கில் வேலையும் இல்லை. பகல் முழுவதும் அறையிலேயே இருந்தாள். ஒத்திகைக்கு மணி அடிக்கிற நேரத்தில் மாஸ்டரே வந்துவிட்டார். செருப்பை வெளியே விட்டு, குனிந்து உள்ளே நுழைந்தார்.

“வில்லக் குடுத்துடு சிலுவ. பிடிலு கோயிலோடது. வில்லும் கோயிலோடதுதான். நாளைக்கி ஆசாரி வர்றான்.”

“சரி மாஸ்டர்.”

“நீ கீழ ஜனத்தோட குந்திகினு பூச பாரு. இன்னா?”

“சரி மாஸ்டர்.”

அவர் வில்லைச் சுவரிலிருந்து எடுத்துத் துண்டில் சுற்றப் போனார். அப்போது வாசலை அடைத்துக்கொண்டு கோவிந்தம்மா நின்றாள். கையில் பித்தளைக் கிண்ணம்.

“இன்னாயா, அத்த எங்க எடுத்துகினு போற?”

கோவிந்தம்மா மனிதரிடம் பேசுகிறாள் என்ற அதிர்ச்சியில் சிலுவையம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

“கோயிலுக்கு,” என்றார் மாஸ்டர்.

“வெள்ளிக்கெழம அதுவுமாவா? இரு. இந்தப் பொண்ணு பகலெல்லாம் வூட்லயே குந்திகினு கீது, அதான் இன்னும் வெக்க முடியல.”

“இன்னாத்த வெக்கணும்?”

“எண்ணெயத்தான்யா!” கோவிந்தம்மா கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள். “ஆத்தா இல்லாத பொண்ணாச்சே, தலைக்கி வெளக்கெண்ண வெச்சி உடலாம்னு வந்த புதுசுல கிண்ணத்தோட வந்தேன், இது தல எனக்கு எட்டல, கீழ குந்தும்மான்னு சொல்லவும் வெக்கமா பூட்சி, அன்னிலருந்து வாரா வாரம் இது வேலைக்குப் போனதும் செவுத்துல தொங்கற அந்த முடிக்காவது வெச்சி உட்டுகினு வர்றேன்.”

மாஸ்டர் முடியில் விரலை வைத்தார். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்; எத்திராஜ் கழுவிய பிறகு எண்ணெய் படாததால் அதில் பிசுக்கே இல்லை. சிலுவையம்மாள் மெல்லத் தரையில் குந்தினாள். அவர் வில்லை மறுபடியும் சுவரில் மாட்டிவிட்டு, வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, ஆசாரியை வர வேண்டாம் என்று சொல்லப் போய்விட்டார்.