தையலுக்கு விட்ட உப்பு

சூப்பில் உப்புக் கூடிவிட்டது. தையற்காரர் இன்னொரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்துப் பார்த்தார். கூடித்தான் இருந்தது.

குற்றம் பழக்கத்தினுடையது. எதை வெட்டினாலும் தையலுக்கென்று கொஞ்சம் கூடுதலாக விடுவது அவர் தொழில். மிஞ்சினால் உள்ளே மடித்துப் பிடித்துக்கொள்ளலாம். அதே கணக்கில் உப்பையும் ஒரு கை கூடப் போட்டிருந்தார். சூப்பில் எங்கே பிடிப்பது என்பதுதான் தெரியவில்லை.

"என்ன மாப்பிள்ளை, அடுப்படியில சத்தத்தையே காணோம்?" கூடத்திலிருந்து மாமனார் கேட்டார்.

"கொதிக்குது மாமா."

"நீங்களா, சூப்பா?"

மாமனார் காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர். கிழித்துக் கொடுத்த டிக்கெட்டையும் சொன்ன சொல்லையும் திரும்ப வாங்குகிற வழக்கம் அவரிடம் கிடையாது. அவர் மகள், அதாவது தையற்காரரின் மனைவி, நர்ஸ். அவளைத் தேடித் தலைமை நர்ஸ் பதவி வந்திருந்தது. சாயங்கால ஷிப்ட். நாளைக் காலையில் பதில் சொல்லியாக வேண்டும்.

"ராத்திரி யாரு ஆக்கிப் போடறது? வேண்டாம்" என்று மாமனார் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"நான் ஆக்கறேன்" என்றார் தையற்காரர்.

"ஒரே ஒரு வேளை ஆக்கிக் காட்டுங்க. அது இந்தத் தொண்டையில இறங்கிச்சுன்னா, அப்புறம் நான் வாயே திறக்கலை."

அந்த ஒரு வேளை இன்றிரவு. அப்பா மனம் கோண எதையும் செய்து பழகாத மனைவி, காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அடுப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தையற்காரர் இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். உப்பு இறங்கியது. கூடவே ருசியும் இறங்கியது. காய்கள் ஆளுக்கொரு மூலையில் மிதந்தன.

"அப்பா, உருளைக்கிழங்கு போட்டா கெட்டியாகும்" என்றாள் மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. தோணுச்சு."

வேறு ஆலோசகர் இல்லாததால் இருந்த கிழங்கையெல்லாம் நறுக்கிப் போட்டார். சூப் விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழிந்தது.

மாடி வீட்டுக்கு ஓடினார்.

"அக்கா, ஒரு அண்டா இருக்குமா?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். சட்டையில் ஒரு பீன்ஸ் துண்டு ஒட்டியிருந்தது.

"அண்டா எதுக்குத் தம்பி? சூப்பே இருக்கு. கொண்டு போறீங்களா?"

தையற்காரருக்கு ரோஷம் வந்தது. சூப்புக்கு என்று அவர் சொல்லவே இல்லை. "இல்லைக்கா. அண்டா மட்டும் போதும்."

சூப் அண்டாவுக்கு மாறியது. அண்டாவைப் பார்த்தபோது சூப் குறைவாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர், அரை முட்டைக்கோஸ், ஈடுகட்ட ஒரு சிட்டிகை உப்பு. சிட்டிகையிலும் தையலுக்கு விட்டுவிட்டார். கிழங்கு வேகவில்லை. தீயைக் கூட்டினார்.

அப்போது பார்த்து வாசலில் ஒருவர், நாளைக்குக் கல்யாணத்துக்குப் போகணும், இடுப்பில் நிற்கவில்லை என்று பேன்ட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். தொழில் தொழில்தானே. பிரித்து, அளந்து, மிஷினில் கடைசித் தையலை ஓட்டும்போது மாமனார் செய்தித்தாளைத் தாழ்த்தினார். அவருடைய ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. மத்தியானம் மாடி வீட்டுக் குழாயைப் பழுதுபார்க்கப் போன இடத்தில் வெட்டுப்பட்டுவிட்டதாம்.

"மாப்பிள்ளை, உள்ளே ஏதோ வண்டி புகையுது."

அண்டாவின் அடி பிடித்திருந்தது. மகள் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தாள்.

"கடல் தீப்பிடிச்ச மாதிரி இருக்குப்பா."

தெருமுனையில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. மனைவி வரும் பஸ்.

தையற்காரர் ரோஷத்தை மடித்து உள்ளே பிடித்துக்கொண்டு மறுபடி மாடி ஏறினார். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூடி போட்ட பாத்திரம் வாசலருகிலேயே தயாராக இருந்தது. அண்டா தையல் மேஜைக்கு அடியில் போய், அதன் மேல் ஒரு போர்வை விழுந்தது.

"நான் எதையும் பார்க்கலை" என்றாள் மகள்.

நால்வரும் உட்கார்ந்தார்கள். மாமனார் ரொட்டியைப் பிய்த்து சூப்பில் தோய்த்தார். மென்றார். மனைவியின் கரண்டி பாதியில் நின்றது.

"நீங்களேதான் வெச்சீங்களா மாப்பிள்ளை?"

"ஆ... ஆமா மாமா."

"காரட்டை இன்னும் பொடிசா நறுக்கியிருக்கலாம்." இரண்டாவது கரண்டி. "மிளகு ஒரு பிடி கம்மி." மூன்றாவது. "ஆனா உங்க கைக்கு இப்படி வரும்னு நான் நினைக்கலை."

கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டுத் தன் மகள் பக்கம் திரும்பினார். "தொண்டையில இறங்கிடுச்சும்மா. நான் வாயைத் திறக்கப் போறதில்லை. போய் அந்த வேலையில சேரு."

மனைவி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனின் தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தாள். அது அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். அதற்குள் பாத்திரத்தை வைத்து மாடிக்குக் கொண்டுபோனார். அக்காவிடம் கொடுத்தார்.

"உங்க கைமணம்தான்க்கா என் மானத்தைக் காப்பாத்துச்சு. மாமா விரல் வெட்டுப்பட்டுச் சரிபண்ணின குழாய், இப்ப ஒழுகாம இருக்கில்ல?"

"குழாய்க்கு என்ன கேடு?" என்றாள் அக்கா. "மத்தியானம் உங்க மாமாதான் வந்து என் அடுப்புல சூப் வெச்சுட்டு, 'மாப்பிள்ளை எப்படியும் அண்டா கேட்டு வருவாரு, அப்பக் கொடுங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு."