கடிகாரக்காரரின் ஜெபம்

பலகை சுவரை விட்டு வந்துவிட்டது. கூடவே சுவரும் கொஞ்சம் வந்துவிட்டது.

எறும்புக்கு அறுவைச் சிகிச்சை செய்யத் தோதான ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்தபடி, வாட்ச் ரிப்பேர்காரர் நாற்காலி மேல் நின்று ஓட்டையைப் பார்த்தார். இருபத்தாறு வருடங்களாக அந்த இடத்தில், ‘ஆதாரம் இருந்தால் மட்டும் கடவுளைப் பற்றிப் பேசவும்’ என்று அவர் கையாலேயே எழுதிய பலகை தொங்கியது. இப்போது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் செங்கல் தெரிந்தது.

“பலகையைக் கழட்டச் சொன்னா வீட்டையே கழட்டுறீங்களே!” என்றாள் மனைவி.

“அப்பா, பன்னிரண்டு மணிக்கு வந்துடுவாங்க!” என்றாள் மகள். அழுகைக்கும் அதட்டலுக்கும் நடுவில் இருந்தது அவள் குரல்.

மகள் கட்டிக்கொள்ள நினைப்பது ஒரு போதகரின் மகனை. பையன் தங்கம். பையனின் அப்பா ஞாயிறுதோறும் நானூறு பேருக்குப் பிரசங்கம் செய்கிறவர். பெண்ணின் அப்பாவோ, ஒரே ஆளிடம் நானூறு கேள்வி கேட்கிறவர்.

அவர் கடைக்கு வரும் கிறிஸ்தவர்கள் கைக்கடிகாரத்தோடு ஒரு வாதத்தையும் சேர்த்தே கொண்டுவருவார்கள். “இந்த வாட்சைச் செஞ்சவர் ஒருத்தர் இருக்கார்னா, உலகத்தைச் செஞ்சவர் ஒருத்தர் இருக்க மாட்டாரா?” ரிப்பேர்காரர் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு நிதானமாகத் திருப்பிக் கேட்பார்: “அவ்வளவு நல்லா செஞ்சிருந்தா ரிப்பேருக்கு ஏன் வருது?” வந்தவர் வாட்சை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார். ஒரு வாதத்திலும் அவர் தோற்றதில்லை. வாடிக்கையாளர்கள்தான் மிச்சமில்லை.

“இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எதிர்த்துப் பேசாதீங்கப்பா. அவங்க மனசு கோணிச்சுன்னா என் கல்யாணம் அவ்வளவுதான்.”

“சத்தியமா பேச மாட்டேன்.”

“நீங்க யார் மேல சத்தியம் பண்ணுவீங்க? கடவுள்தான் கிடையாதே,” என்றாள் மனைவி.

“உன் மேல.”

“சரிதான், என் ஆயுசு இன்னைக்கோட முடிஞ்சுது.”

ஓட்டையை மறைக்க ஏதாவது வேண்டுமே? மாடி வீட்டு நர்ஸிடம் ஓடி ஒரு காலண்டர் கேட்டார். அவளிடம் இருந்தது வேத வசனம் அச்சடித்த காலண்டர்தான்.

“உங்க வீட்டுக்கா!” நர்ஸ் நெஞ்சில் கை வைத்தாள். “ஆண்டவரே, அற்புதங்கள் இன்னும் நடக்குது.”

பதில் சொல்ல நாக்கு துடித்தது. மனைவியின் ஆயுளை நினைத்து அடக்கிக்கொண்டார்.

சரியாகப் பன்னிரண்டுக்குப் போதகர் வந்தார். பின்னால் மனைவி, மகன். போதகர் கையில் தடிமனான நோட்டுப் புத்தகம். உள்ளே நுழைந்ததும் அவர் கண் எதையோ ஆசையாகத் தேடியது. காலண்டரில் போய் நின்றது.

“இது... உங்களுதா?”

“தினமும் அந்த வசனத்தைப் படிச்சிட்டுத்தான் கடையைத் திறப்பேன்,” என்றார் ரிப்பேர்காரர்.

போதகரின் முகம் வாடியது. நோட்டைப் பிரித்து, எதையோ குறுக்கே ஒரு கோடு கிழித்து அடித்தார்.

ரிப்பேர்காரர் அந்த நோட்டை எட்டிப் பார்த்தார். ‘மார்க் போடுகிறாரோ? பொய்யென்று கண்டுபிடித்துவிட்டாரோ? இன்னும் கொஞ்சம் பக்தியைக் கூட்ட வேண்டும்.’

சாப்பாட்டு மேஜையில் சூப் வந்தது. போதகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இன்னைக்கு நீங்களே ஜெபம் பண்ணுங்களேன். விருப்பம் இல்லைன்னா தாராளமா மறுக்கலாம். ஏன் மறுக்கிறீங்கன்னும் சொல்லலாம்.”

“மறுக்கறதா? என்ன பேச்சு இது!”

கண்ணை மூடியபின்தான், ஜெபத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தனக்குத் தெரியாதது அவருக்கு உறைத்தது. ஆண்டவரைப் போல் கண்ணில் படாத பெரிய இடத்தோடு அவருக்கு இருந்த ஒரே பழக்கம், உதிரி பாகம் கேட்டு வாட்ச் கம்பெனிக்கு எழுதும் கடிதம்.

“மதிப்பிற்குரிய ஆண்டவரே, தாங்கள் அனுப்பிய சூப் வந்து சேர்ந்தது. பொருள் நல்ல நிலையில் உள்ளது. தொடர்ந்து தங்கள் ஆதரவை நாடும், இப்படிக்கு...” மகளின் கால் மேஜைக்கடியில் அவர் முழங்காலைப் பதம் பார்த்தது. “...ஆமென்!”

பையன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தை டம்ளருக்குள் ஒளித்துக்கொண்டான். போதகர் இன்னொரு கோடு கிழித்தார்.

“சரி, ஒண்ணு கேக்கறேன்.” போதகர் கரண்டியைக் கீழே வைத்தார். “கடவுள் இருந்தா உலகத்துல ஏன் இவ்வளவு கஷ்டம்னு நீங்க நினைச்சதே இல்லையா?”

“எல்லாம் நம்ம நன்மைக்குத்தானே.”

ஒரு கோடு.

“பால் குடிக்கிற குழந்தைக்கு வியாதி வருதே, அது யார் நன்மைக்கு?”

அது ரிப்பேர்காரரின் சொந்தக் கேள்வி. எத்தனையோ பேரை அதை வைத்து மடக்கியிருக்கிறார். மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “அவர் வழி நமக்குத் தெரியுமா?” என்றார்.

“இதெல்லாம் ஒரு பதிலா?” போதகர் மேஜையைத் தட்டினார்.

“பதிலே இல்லைதான்...” வாய் பழக்கதோஷத்தில் ஓடியது. முழங்காலில் இரண்டாவது உதை. “...பதில் இல்லாட்டி என்ன, விசுவாசம் இருக்கே!”

ரிப்பேர்காரரின் மனைவி அவரைப் பார்த்த பார்வை, திருடன் போலீஸ் உடுப்பில் வந்ததைப் பார்ப்பது போல் இருந்தது.

போதகர் கடைசி முயற்சியாகத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை நடுவில் வைத்தார். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

“இந்த வாட்சைச் செஞ்சவர் ஒருத்தர் இருக்கறதால, உலகத்தைச் செஞ்சவரும் ஒருத்தர் இருக்கணும்னு சொல்றாங்க. வேலை தெரிஞ்சவர் நீங்க. நீங்க சொல்லுங்க, இது சரியா?”

சொல்லிவிட்டு, பொட்டலம் பிரிக்கக் காத்திருக்கும் குழந்தை மாதிரி முன்னால் குனிந்தார்.

வாழ்நாள் வாக்கியம் ரிப்பேர்காரரின் நுனிநாக்கில் வந்து உட்கார்ந்தது. மகளைப் பார்த்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் நிஜமாக ஜெபித்தது அப்போது அவள் ஒருத்திதான்.

வாக்கியத்தைச் சூப்போடு சேர்த்து விழுங்கினார். “செஞ்சவர் இருக்கார். அற்புதமா செஞ்சிருக்கார். நானெல்லாம் சும்மா தூசி தட்டுறவன்.”

“இது நாலு நிமிஷம் லேட்டா ஓடுதுய்யா!” போதகர் கிட்டத்தட்டக் கத்தினார்.

“அதுவும் அவர் சித்தம்.”

போதகர் நோட்டை மூடினார். ஒரு பெருமூச்சு விட்டு எழுந்தார். “யோசிச்சுச் சொல்றோம்,” என்றார். சூப் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

கதவு சாத்தியதும் மகள் நாற்காலியில் சரிந்து அழுதாள். “நல்லாத்தானே நடந்துக்கிட்டேன்?” என்றார் ரிப்பேர்காரர். உண்மை பேசினால் வாடிக்கையாளர் போகிறார், பொய் பேசினால் சம்பந்தி போகிறார். ஆக, கோளாறு கடவுளிடமும் இல்லை, வாதத்திலும் இல்லை, தன் வாயில்தான் என்று முதல் முறையாக ஆதாரத்தோடு நிரூபணமானது. அதை ஆமோதிப்பது போல, ஆணியோடும் இன்னும் கொஞ்சம் சுவரோடும் காலண்டர் கீழே விழுந்தது.

அழைப்பு மணி அடித்தது.

போதகரின் மனைவி நின்றிருந்தார். “குடையை விட்டுட்டேன்,” என்று உள்ளே வந்தவர், செங்கல்லைப் பார்த்தார், தரையில் கிடந்த காலண்டரைப் பார்த்தார், மூலையில் சாய்த்து வைத்திருந்த பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

“இதை முதல்ல சுவத்துல மாட்டுங்கண்ணா! பொண்ணை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, இவர்தான் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கார். உங்க கடை வாதத்தையெல்லாம் கேள்விப்பட்டு, எதிர்த்துப் பேச ஒரு சம்பந்தி கிடைச்சிட்டார்னு ஒரு மாசமா அந்த நோட்டுல பாயின்ட் பாயின்ட்டா எழுதிட்டு வந்த மனுஷன், இப்ப காருல உக்காந்துக்கிட்டு, ‘சபையில ஏற்கெனவே நானூறு ஆமென் இருக்கு, வீட்டுக்கு இன்னொண்ணு எதுக்கு?’ங்கறார்!”