கிரிட் ரெசிஸ்டரும் கேசரியும்

ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரியின் கையில் சாலிடரிங் அயர்ன் கொடுக்கக் கூடாது. பேனா பரவாயில்லை, அதனால் கெடுவது கோப்பு மட்டும்தான்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், சிட்லபாக்கம் வீட்டில் நானே ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். வால்வின் கிரிட் என்பது ஒலி உள்ளே நுழையும் வாசல். அந்த வாசலில் ஒரு சின்ன ரெசிஸ்டர் காவல் நிற்கும். கண்ட ரேடியோ அலைகளை உள்ளே விடாது. எனக்கோ அது இசையை வழிமறிக்கும் வீண் தடையாகப் பட்டது. (பணிக்காலம் முழுதும் அடுத்தவர் கோப்பில் தடை எழுதியே சம்பளம் வாங்கியவனுக்கு வந்த ஞானம்!) கழற்றிவிட்டேன். ஒலி பளிங்கு மாதிரி இருந்தது.

எந்த மாற்றத்தையும் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்று அலுவலகத்தில் சுற்றறிக்கை விட்டவனே நான்தான். சோதிக்க நேரமில்லை. அன்று சாயங்காலம் என் மகள் மீனாவைப் பெண் பார்க்க சேலையூரிலிருந்து வருகிறார்கள். அவளும் பையனும் ஒரே மின்சார ரயிலில் வேலைக்குப் போய்ப் பழகியவர்கள். பெரியவர்கள் சரியென்றால் போதும்.

"அப்பா, இன்னிக்கு மட்டும் அந்தப் பெட்டியைத் தொடாதப்பா" என்றாள்.

நாதஸ்வரம் இல்லாமல் ஒரு சுப காரியமா? தொட்டேன்.

வந்தார்கள். பையனின் அப்பா கேசரித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, ஒலியை வெகுவாகப் பாராட்டினார். நான் வால்வுகளின் பெருமையில் மூழ்கிப்போனேன். கேளம்பாக்கத்திலிருந்து மைத்துனி ஃபோன் செய்ய, என் மனைவி கமலா கார்ட்லெஸ்ஸோடு சமையலறைக்குப் போனாள்.

இசைத்தட்டு முடிந்தது. இரண்டு ஸ்பீக்கரிலும் கமலா பேசினாள். கார்ட்லெஸ் பேச்சும் ரேடியோ அலைதான், வாசலில் காவல் இல்லை.

"பையன் தங்கம்டி. அப்பாதான்... கேசரி வேணாம், சுகர்னாரு. நான் இந்தப் பக்கம் திரும்பினதும் நைசா ரெண்டு ஸ்பூன்."

கூடத்தில் மூன்றாவது ஸ்பூன் அவர் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

பாய்ந்து வால்யூமைக் குறைத்தேன். குறையவில்லை, நான் காவலைக் கழற்றிய வால்வு வால்யூம் திருகுக்கு அப்பால் இருந்தது. சுவிட்சையே அணைத்தேன். வால்வு, அணைத்தாலும் சூடு இருக்கும்வரை பாடும். கமலா தேய்ந்துகொண்டே தொடர்ந்தாள்.

"போகட்டும்டி. இங்க இருக்கறது மட்டும் என்னவாம்? அந்த டப்பாவைக் கட்டிக்கிட்டு..."

நல்ல வேளை, அதற்கு மேல் சூடு இல்லை.

மீனா தரையைப் பார்த்தாள். பையன் மின்விசிறியைப் பார்த்தான். பையனின் அம்மா எழுந்தார். கணவர் கையிலிருந்த ஸ்பூனை வாங்கித் தட்டில் வைத்தார். சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தியம்மா, ஃபோனை வெச்சிட்டு இங்க வாங்க. மிச்சத்தை நானும் கேக்கணும்."

சம்பந்தியம்மா என்றாரே, அத்தோடு கல்யாணம் நிச்சயம்.

ரெசிஸ்டரை அன்றே திரும்பப் பொருத்திவிட்டேன். யாரும் நம்புவதில்லை. இன்றும் எங்கள் வீட்டில் வம்பு பேச வாய் திறப்பதற்கு முன், "ரெசிஸ்டர் இருக்கா?" என்று கேட்டுக்கொள்வார்கள். சம்பந்தி வந்தால் முதல் வேலையாக ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்குவார். வால்வுகள் ஆறிவிட்டனவா என்று தொட்டுப் பார்ப்பார். அதன் பிறகே, குரலைத் தாழ்த்தி, கமலாவிடம் கேசரி கேட்பார்.